குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சளி பிடித்தாலே வீசிங் வருகிறது: அலர்ஜிதானா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூரில் இருக்கும் ஒரு தாய். மகன் 29 வாரத்தில், 1,150 கிராம் எடையில் பிறந்தவன். சில நாள் வென்டிலேட்டர், அப்புறம் மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் சிபாப், அதன்பின் பல வாரம் மூக்குக்குழாயில் ஆக்சிஜன். இப்போது இரண்டரை வயது. அடிக்கடி சளி பிடிக்கிறது. பிடித்த மறுநாளே வீசிங். "இது அலர்ஜி, கண்டதையும் கொடுக்காதே" என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லச் சொல்ல, பால், தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு, கடைசியாக முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தியாயிற்று. எடை 10 கிலோவில் நிற்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர், "பழகிவிடும்" என்ற பயத்தில் பீரோவில் இருக்கிறது. குறைமாதத்தால் வந்த கோளாறா, அலர்ஜியா, பின்னால் ஆஸ்துமா ஆகிவிடுமா என்பது அவர் கேள்வி.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுவிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவரும் குழந்தை மருத்துவன் நான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இருப்பது பெரும்பாலும் சாப்பாட்டு அலர்ஜி இல்லை. சிறிய மூச்சுக்குழாய்களோடு பிறந்த பிள்ளைக்கு வைரஸ் சளி வரும்போது ஏற்படும் இளைப்பு, அதாவது வீசிங், அது. அவனுக்கு இப்போது வீசிங்கைவிடப் பெரிய ஆபத்து, அலர்ஜி என்ற பெயரில் அவன் தட்டிலிருந்து எடுக்கப்பட்ட சாப்பாடுதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

கருவில் நுரையீரல் மிகத் தாமதமாகத் தயாராகும் உறுப்பு. 24 வாரத்தை ஒட்டித்தான் மூச்சுப் பரிமாற்றம் நடக்கக்கூடிய ஆரம்பநிலை அறைகள் உருவாகத் தொடங்குகின்றன. அவற்றின் உட்சுவரில் பூசியிருக்க வேண்டிய சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள், போதிய அளவுக்குச் சுரக்க ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகும். அது இல்லாவிட்டால், நனைந்த பாலிதீன் கவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல், ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு அவற்றைப் பிரித்துத் திறக்கக் குழந்தை தன் பலம் முழுவதையும் செலவிட வேண்டும். உண்மையான காற்றுப்பைகள் எண்ணிக்கையில் பெருகுவது கருவின் கடைசி வாரங்களில்தான் வேகம் எடுக்கிறது. பிறந்து முதல் இரண்டு மூன்று வருடம் அது மும்முரமாக நடந்து, அதன் பிறகும் மெதுவாகத் தொடர்கிறது. 29 வாரத்தில் வெளியே வந்த குழந்தை, தாயின் வயிற்றுக்குள் நடக்க வேண்டிய இந்த வேலையை ஆக்சிஜனும் அழுத்தமும் கிருமிகளும் இருக்கும் வெளியுலகில் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். 1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஏறக்குறைய 34 வாரம், 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சர்ஃபாக்டன்ட் குறைவால் வரும் மூச்சுத்திணறலில் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அந்த நோய்க்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறைதான் என்பதை 1959-லேயே அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி காட்டியிருந்தார். ஆனால் கையில் மருந்து இல்லை. நாட்டின் அதிபராலும் எதுவும் செய்ய முடியவில்லை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஆடுகளிடம் பிரசவ வலி பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் மூச்சுவிட்டு உயிரோடு இருந்ததைக் கவனித்தார். 1972-ல் அவரும் குழந்தை மருத்துவர் ஹோவியும், சீக்கிரம் பிரசவமாகும் நிலையிலுள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முன்னதாகப் பக்குவப்படுகிறது என்று நிறுவினார்கள். 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியாகவே செலுத்திக் காட்டினார். பிரசவத்துக்கு முன் உங்களுக்கு அந்த ஊசியைப் போட்டிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். இன்று 34 வாரக் குழந்தை பிழைப்பது எங்களுக்கு அன்றாடம். 29 வாரக் குழந்தைகளும் பெரும்பாலும் வீடு திரும்புகிறார்கள். பிழைத்து வந்த நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதுதான் இப்போது நாம் பார்க்க வேண்டியது.

அது கொஞ்சம் சின்னதாக, காற்றுப்பைகள் குறைவாக, குழாய்கள் ஒடுக்கமாக இருக்கும். கருவில் இருந்த வாரங்களையும் சேர்த்து 36 வாரம் ஆன பிறகும் ஆக்சிஜன் தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு இது கூடுதல். குறைமாதப் பிள்ளைகளின் இந்த நாள்பட்ட நுரையீரல் பாதிப்பைத்தான் பிபிடி என்று உங்கள் சம்மரியில் எழுதியிருப்பார்கள். வளர்ந்த பிள்ளைக்கு மூக்கொழுகலோடு போய்விடும் சாதாரண ரைனோவைரஸ், ஆர்எஸ்வி போன்ற வைரஸ்கள் இந்தக் குழாய்களுக்குள் சற்றே வீக்கத்தையும் கொஞ்சம் கோழையையும் உண்டாக்கினால் போதும், பாதை அடைபடும். குழாயின் ஆரம் பாதியானால் காற்று போவதற்கான தடை பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தும்மல், உங்கள் பிள்ளைக்கு வீசிங்.

சரி, இதில் அலர்ஜிக்கு எவ்வளவு பங்கு? பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த ஒரு பெரிய அலசல், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு வீசிங், ஆஸ்துமா வரும் வாய்ப்பு நிறைமாதத்தவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் என்றும், 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்றும் காட்டியது. இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, அலர்ஜி" என்று தோன்றும். ஆனால் அலர்ஜிக்கே உரிய மற்ற நோய்களைப் பார்த்தால் கதை வேறு. சாப்பாட்டு அலர்ஜி குறைமாதப் பிள்ளைகளிடம் அதிகம் இல்லை. எக்சிமா எனும் தோல் கரப்பான், மிகவும் முன்னதாகப் பிறந்த பிள்ளைகளிடம் குறைவு என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. அலர்ஜி ஆஸ்துமாவில் மூச்சுக்காற்றில் நைட்ரிக் ஆக்சைடு கூடும். குறைமாதத்தால் வந்த இளைப்பில் அது பெரும்பாலும் கூடுவதில்லை. வெளியே கேட்கும் சத்தம் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு.

அதற்காகக் குறைமாதப் பிள்ளைக்கு அலர்ஜியே வராது என்று சொல்லவில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா இருந்தால், பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அரிக்கும் தடிப்பு இருந்தால், சளி இல்லாத நாளிலும் காலையில் வரிசையாகத் தும்மினால், சிரித்தாலோ ஓடினாலோ படுக்கையில் புரண்டாலோ இளைத்தால், அலர்ஜியின் பங்கும் இருக்கலாம் என்று யோசிப்பேன். அதிலும் சந்தேகப்பட வேண்டியது முதலில் தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி போன்றவற்றைத்தான், வாழைப்பழத்தை இல்லை.

சாப்பாட்டு அலர்ஜி எப்படி இருக்கும் தெரியுமா? சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள், உடம்பில் தடிப்பு, உதடு அல்லது கண் இமை வீக்கம், திடீர் வாந்தி. வீசிங் வந்தாலும் இவற்றோடு சேர்ந்து வரும். அதே உணவை அடுத்த முறை கொடுத்தாலும் அதுவே நடக்கும். முட்டை கொடுத்த அன்று ராத்திரி இளைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று ஏற்கெனவே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தடிப்பும் வீக்கமும் வாந்தியும் இல்லை, அதற்கு முன் பலமுறை முட்டை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் குற்றவாளி அந்தச் சளிதான்.

வாழைப்பழமும் தயிரும் சளியை உண்டாக்குவதில்லை. சளி வைரஸால் வருகிறது, வைரஸ் இருமலிலும் கையிலும் வருகிறது. பாட்டிகள் சொல்வதைத் தூக்கியெறிய எனக்கு மனம் வராது, பிள்ளையின் மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டரை வயதில் 10 கிலோ என்பது வளர்ச்சிக் கோட்டின் கீழ்விளிம்புக்கும் கீழே. புதுக் காற்றுப்பைகள் முளைப்பதற்குப் புரதமும் கலோரியும் வேண்டும். பால், தயிர், முட்டை மூன்றையும் நிறுத்திவிட்டு நுரையீரல் வளரட்டும் என்று காத்திருப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். முட்டையை அவன் நன்றாக இருக்கும் ஒரு நாளில், பகலில், வேகவைத்துக் கொடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். பாலும் தயிரும் இன்றைக்கே கொடுக்கலாம். அப்புறம், நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தச் சோதனை என்று விற்கப்படும், ஐஜிஜி என்ற எதிர்ப்புப்பொருளை அளக்கும் பேனல்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அதில் வரும் "பாசிட்டிவ்" அவன் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறான் என்பதற்குத்தான் சாட்சி. உண்மையான அலர்ஜிச் சோதனை தோல் குத்திப் பார்ப்பதும், அந்தப் பொருளுக்கு எதிராக ரத்தத்தில் இருக்கும் ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்புப்பொருளை அளப்பதும். அவற்றையும்கூட, நடந்ததைக் கேட்டுச் சந்தேகம் வந்த பொருளுக்கு மட்டும்தான் செய்ய வேண்டும்.

இன்ஹேலர் விஷயத்துக்கு வருகிறேன். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தின் சிரப் பொதுவாக 5 மில்லியில் 2 மில்லிகிராம். உங்கள் மகன் எடைக்கு ஒரு வேளைக்கு 2.5 மில்லி என்றால் 1 மில்லிகிராம். அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, அதற்கப்புறம்தான் நுரையீரலை எட்டும். இன்ஹேலரின் ஒரு பப், 100 மைக்ரோகிராம். அதாவது சிரப்பில் பத்தில் ஒரு பங்கு. நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சில நிமிடத்தில் வேலை செய்யும். இரண்டும் ஒரே மருந்துதான். இன்ஹேலருக்குப் பழகி அடிமையாவது என்று ஒன்று கிடையாது.

ஆனால் முறையாகக் கொடுக்க வேண்டும். நான் பார்க்கும் வீடுகளில் மருந்து வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், கொடுக்கும் முறைதான். இன்ஹேலரைச் செருகிக் கொடுக்கும் குழல்போன்ற ஸ்பேசரை, மாஸ்க் உள்ளதாக வாங்குங்கள். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கிச் செருகுங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் பதிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பப். ஐந்தாறு மூச்சு வரை மாஸ்க்கை எடுக்காதீர்கள்; ஸ்பேசரின் வால்வு அசைவதைப் பார்த்து எண்ணலாம். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி அடுத்த பப். நாலு பப்பையும் ஒரே மூச்சாக உள்ளே அடித்தால் மருந்து சுவரில் ஒட்டி வீணாகும். தூங்கும்போது கொடுக்கலாமே என்பார்கள். மாஸ்க் பட்டதும் விழித்து அழுவான், அழும்போது மருந்து சரியாக உள்ளே போகாது. விழித்திருக்கும்போது, பொம்மைக்கு முதலில் வைத்துக்காட்டிப் பழக்குங்கள். வாரம் ஒரு முறை ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புத்தண்ணீரில் அலசித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவர் இழுத்துக்கொள்ளும்.

அடிக்கடி வீசிங் வந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கச் சொல்வோம். பலன் தெரிந்தால் தொடர்ந்து, குறைந்த அளவுக்கு இறக்குவோம், தெரியாவிட்டால் நிறுத்துவோம். கொடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வைத்து, முகத்தைத் துடைத்துவிடுங்கள். உயரம் குறையுமோ என்று கேட்பீர்கள். வருடக்கணக்கில் எடுத்த பிள்ளைகளிடம் பார்த்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஸ்டீராய்டு சிரப் அதைவிடப் பாதகம். ஆஸ்துமா, அலர்ஜிக்குத் தரும் மான்டெலுகாஸ்ட் என்ற மருந்து கலந்த இனிப்பு சிரப்பை மாதக்கணக்கில் தானாகவே வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் பரவிவிட்டது. தூக்கக் கலைவு, எரிச்சல், நடத்தை மாற்றம் பற்றி 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டது. எழுதிக்கொடுத்தால் எதற்கு, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வைரஸால் வந்த வீசிங்குக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை.

வீட்டில் மாற்ற வேண்டியது புகை. குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவதை விட்டுவிடுங்கள்; தலை காய ஒரு துண்டு போதும். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. ஊதுபத்தி, வீட்டுக்குள் சிகரெட், பீடி எதுவும் வேண்டாம். வெளியில் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் இருக்கும். தீபாவளியின்போது இரண்டு நாள் ஜன்னலைச் சாத்தி, இன்ஹேலரைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். இரண்டு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டு நெஞ்சில் தேய்க்காதீர்கள். கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரவழைக்கும். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்கு இறங்கினால் வரும் நிமோனியா லேசில் ஆறாது. மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு போதும்.

தடுப்பூசிகளைப் பிறந்த தேதியை வைத்துத்தான் போட வேண்டும், திருத்திய வயதை (பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணும் வயதை) வைத்து இல்லை. நியூமோகாக்கல் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இருக்கிறது. ஃப்ளூ ஊசி 6 மாதத்துக்குமேல் எல்லா வருடமும். முதல் வருடம் மட்டும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு. வீட்டில் இருக்கும் பெரியவர்களும் போட்டுக்கொண்டால் பிள்ளைக்கு இரட்டைக் காவல். ஆர்எஸ்விக்கு எதிராக நிர்செவிமாப் என்ற ஒரே ஒரு ஊசி ஐரோப்பாவில் 2022-லும் அமெரிக்காவில் 2023-லும் அனுமதி பெற்றது. அது முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு; அடுத்த பிள்ளைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40-ம் அதற்கு மேலும் வேகமூச்சு. விலா எலும்புகளுக்கு நடுவே, தொண்டைக்குழியில், நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே சதை உள்ளே இழுத்தால், மூக்குத்துவாரம் விரிந்து விரிந்து மூடினால், குடிக்க முடியாவிட்டால், பேச்சு துண்டு துண்டாக வந்தால், உதடு நீலமானால், இன்ஹேலர் கொடுத்தும் நாலு மணி நேரம் தாங்காவிட்டால், ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். சத்தமாக இளைத்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சத்தம் அடங்கிச் சோர்ந்து படுத்தால், அது குணமானதன் அடையாளமாக இருக்காது. காற்றே போகவில்லை என்று அர்த்தமாகலாம்.

இன்னொன்றும் பார்த்துவிட வேண்டும். வென்டிலேட்டர் குழாய் இருந்த பிள்ளைகளில் சிலருக்கு, குழாய் உரசிய இடம் தழும்பாகிக் குரல்வளைக்குக் கீழே பாதை குறுகியிருக்கும். சத்தம் மூச்சு விடும்போது வருவது வீசிங்; இழுக்கும்போது கரகரப்பாகவோ கூவுவதுபோலவோ வந்தால் அது மேலே, தொண்டைப் பக்கத்துச் சங்கதி, இன்ஹேலரால் போகாது. பால் குடிக்கும்போதே புரையேறி இருமுவது, எதுக்களித்து நுரையீரலுக்குள் போவது, எந்நேரமும் ஈர இருமல், எடை ஏறாமலே இருப்பது இவையெல்லாம் குழந்தை நுரையீரல் நிபுணர் ஒருவரிடம் காட்ட வேண்டியவை. உங்கள் மகனின் எடையை வைத்தே, சாப்பாட்டை மறுபடி ஆரம்பித்து இரண்டு மாதத்தில் ஏறாவிட்டால், நான் அனுப்புவேன். போகும்போது அவன் இளைக்கும்போது செல்போனில் எடுத்த வீடியோ ஒன்று கொண்டுபோங்கள், நெஞ்சு தெரியும்படி. கிளினிக்கில் அவன் ஓடிக்கொண்டிருப்பான், அந்த வீடியோதான் பேசும்.

ஆஸ்துமா ஆகுமா என்ற கேள்விக்கு இரண்டரை வயதில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. குழாய்கள் பெரிதாக ஆக, பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயதில் வீசிங் வெகுவாகக் குறையும், ஆஸ்பத்திரியில் சேரும் தேவையும் முதல் இரண்டு வருடத்தோடு பெருமளவு முடிந்துவிடும். ஐந்து, ஆறு வயதில் ஊதிக்காட்டத் தெரியும், அப்போது ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி செய்து பாருங்கள். ஓட்டமும் நீச்சலும் தடை இல்லை. பெரியவனான பிறகும் அவன் நுரையீரலின் கொள்ளளவு மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். அதனால் புகைபிடித்தால் அவனுக்குச் சேதம் சீக்கிரம். பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவர் எத்தனை வாரத்தில் பிறந்தாய் என்று கேட்பது அபூர்வம், ஆகவே அதைச் சொல்ல வேண்டியவன் அவன்தான். டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். எத்தனை நாள் வென்டிலேட்டர், எத்தனை நாள் ஆக்சிஜன், பிபிடி என்று எழுதியிருக்கிறதா, பிறந்தபின் தானாக மூடிக்கொள்ள வேண்டிய, இதயத்தை ஒட்டிய பிடிஏ என்ற ரத்தக்குழாயை மூடினார்களா என்ற நாலு வரிகளைத் தனியாக ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.